வாஷிங்டன் யார் வீட்டுப் பெயர்?

வாஷிங்டன் என்றதும் டாலர் நோட்டில் இருக்கிற அந்த வெள்ளைக்கார முகம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் 90 சதவீதம் கறுப்பினத்தவர்கள். வட இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர் அது. ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா அதைச் சுமந்துகொண்டு வர்ஜீனியாவுக்கு வந்தார். ஜார்ஜுக்கோ சொந்தப் பிள்ளைகளே கிடையாது.

இதைச் சொன்னால் உடனே, "அடிமைகளுக்கு முதலாளி தன் பேரை வச்சிருப்பான், வேறென்ன" என்பார்கள். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவே இல்லை. பண்ணைக் கணக்குகளில் அடிமைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடுதான் இருப்பார்கள், மாடு கன்றுகளோடு சேர்த்து. குடும்பப் பெயர் தரும் அளவுக்கு அவர்களை யார் மதித்தது? 1865இல் விடுதலை வந்த பிறகு பலர் தங்கள் பெயரைத் தாங்களே முடிவு செய்தார்கள். முதலாளியின் பெயரை எடுத்தவர்களும் உண்டு, வேண்டாம் என்று தள்ளியவர்களும் உண்டு.

அடிமையாகப் பிறந்து பின்னாளில் பெரிய கல்வியாளரான கறுப்பினத்தவர் புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது பரோஸ் என்பவரின் பண்ணையில். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயராவது இருப்பதைப் பையன் கவனித்துவிட்டான். தன் முறை வந்ததும் பிறந்ததிலிருந்து அதுதான் தன் பெயர் என்பதுபோல அலட்டிக்கொள்ளாமல் "புக்கர் வாஷிங்டன்" என்றான். சுயசரிதையில் அவரே எழுதியது இது. பரோஸ் என்று சொல்லவில்லை பாருங்கள்.

இந்தப் பெயர்க்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஹாரி வாஷிங்டன். பாடப் புத்தக மொழியில் சொன்னால் 'தேசத் தந்தை'யின் அடிமை. ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கு விற்கப்பட்டவர். அமெரிக்கச் சுதந்திரப் போர் நடக்கும்போதே தப்பி ஓடி பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார். 1783இல் கப்பலேறி கனடாப் பக்கம் நோவா ஸ்கோஷியா, அங்கிருந்து 1792இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். ஓடியவர் பெயரை மட்டும் விட்டுவிடவில்லை. 1800இல் அங்கே நிலவரி கேட்ட பிரிட்டிஷ் கம்பெனிக்கு எதிராகக் கலகம் செய்தவர்களில் அவரும் ஒருவர். பழைய எஜமானர் ஜார்ஜ், பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கிளம்பிய கலகத்தில் ஜெயித்து நாட்டுக்கே அதிபரானார். ஹாரிக்குக் கிடைத்தது நாடு கடத்தல்.