காஸ் வந்தது, கன்றுகள் காய்ந்தன

இலங்கையின் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில் எந்த பிளாட்டின் மொட்டை மாடிக்கு ஏறியிருந்தாலும் பச்சை தெரிந்திருக்கும். உரப்பையில் கத்தரி, பழைய பெயின்ட் வாளியில் கொச்சிக்காய், உடைந்த பேசினில் பொன்னாங்காணி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏறத்தாழ 4,900 ரூபாய்க்குப் போனது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் அரசாங்கமே, வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வர வேண்டாம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு லீவு கொடுத்தது. முகநூலைத் திறந்தால் எல்லோரும் விவசாயிகள். "இனி இப்படித்தான் வாழப் போகிறோம்" என்று எழுதாதவர்கள் குறைவு.

அந்த வாளிகள் பலவற்றில் இப்போது காய்ந்த தும்புத்தூள் மட்டும்தான் இருக்கிறது.

ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: மோட்டிவேஷன் போய்விட்டது. சோம்பல் வந்துவிட்டது என்று தங்களையே திட்டிக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று அவர்களை மாடிக்கு ஏற்றியது பயம். நாளைக்குச் சமைக்க என்ன இருக்கும் என்ற பயம். காஸ் வந்தது, பயம் போனது, அவர்களும் இறங்கிவிட்டார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கள் வயதானவர்கள் சிறிமா காலத்துக் கதையை, அதாவது 1970களில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது நடந்ததை, தொடங்கினால் லேசில் நிறுத்த மாட்டார்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் பாணுக்கு வரிசையில் நின்றோம், மரவள்ளி சாப்பிட்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை." சரி. ஆனால் அந்த 1970களின் கதையில் அவர்கள் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் பாண் வரிசை, வடக்கில் மிளகாய்க் காசு, இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை போய்விட்டது. அதற்காக அந்த விவசாயிகளின் மன உறுதி ஓர் இரவில் ஆவியாகிவிட்டது என்று யாராவது சொல்வோமா? சூழ்நிலை தாங்கிப் பிடித்தபோது செய்தார்கள், அது விட்டதும் கஷ்டப்பட்டார்கள். பரம்பரை விவசாயிக்கே அப்படியென்றால், காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நமக்கு மட்டும் யூடியூப் வீடியோ பார்த்து உறுதி வந்துவிடுமா?

அதனால் என் கட்சி இதுதான்: எளிமையாக வாழ விரும்புகிறவர்கள் ஆர்வத்தைத் தேடி அலைய வேண்டாம். ஆர்வம் இல்லாத நாளிலும் நடக்கிற மாதிரி வீட்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் மாடி மொட்டை மாடியில் தோட்டம் வைப்பது படத்துக்கு அழகாக இருக்கும். கரண்ட் இல்லாத நாளில் பம்ப் ஓடாது, வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். அலுவலகம் முடிந்து வந்து அதை எத்தனை நாள் செய்வீர்கள்? என்னிடம் இப்போது இருப்பதெல்லாம் சமையலறையை ஒட்டிய சின்ன பல்கனியில்தான். அரிசி கழுவிய தண்ணீரை எப்படியும் எங்கேயோ ஊற்றத்தானே வேண்டும், அது சாடிக்குப் போகிறது. அதற்குத் தனி உற்சாகம் எதுவும் தேவைப்படுவதில்லை.

வைக்கும் கன்றும் அப்படித்தான். தக்காளி, குடைமிளகாய் என்று ஆசைப்பட்டவர்கள்தான் முதலில் விட்டவர்கள் என்பது நான் பார்த்தது. ரம்பை, கறிவேப்பிலை, பொன்னாங்காணி, வல்லாரை இவை வேறு சாதி. கொழும்பின் வெக்கையும் மழையும் இவற்றுக்குப் பிடிக்கும். பொன்னாங்காணித் தண்டை ஒடித்து நட்டால் வந்துவிடும். வல்லாரை நிழலும் ஈரமும் இருந்தால் தானாகப் படரும். முக்கியமாக, இவை இல்லாமல் நம் சமையல் நடக்காது. ரம்பைத் துண்டு போடாத பருப்பை எங்கள் வீட்டில் யாரும் பருப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் கை அங்கே போகிறது, அதனால் பூச்சி வந்தாலும் அன்றைக்கே கண்ணில் படுகிறது. கொச்சிக்காயும் வைத்திருக்கிறேன். அது இலை சுருண்டு அழ வைக்கும், ஆனாலும் விட மனமில்லை.

சாடிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் கிழமைக்கு ஒரு தடவையாவது அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்த அளவு தண்ணீரே போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பிடித்தால் வழக்கு, தண்டப்பணம். இயற்கை வாழ்வு என்று தொடங்கி நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டாம்.

அடுத்தது காசுக் கணக்கு. இதைப் போட்டுப் பார்க்கிற நாளோடு தோட்டம் முடிந்தது. சாடி, உரம், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிற மரக்கறியோடு நீங்கள் போட்டி போட முடியாது. பிளாட்டில் இருந்துகொண்டு தன்னிறைவு என்று பேசுவதும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அரிசி பொலன்னறுவையிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ வருகிறது. குழாய்த் தண்ணீர் அம்பத்தலையிலிருந்தோ லபுகமவிலிருந்தோ வருகிறது. நாம் விளைவிப்பது ஒரு பிடி கீரை. அதை ஒத்துக்கொண்டால் பாரம் குறைகிறது.

விளைவிப்பதைவிடத் தேவையைக் குறைப்பது கொழும்பில் சுலபம். 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியபோது பல வீடுகளில் ஏசி நின்றது, ஹீட்டர் நின்றது. கட்டணம் பிறகு குறைந்தும் சில வீடுகளில் அவை திரும்ப ஓடவில்லை, ஏனென்றால் இல்லாமலே பழகிவிட்டது. கன்று ஒவ்வொரு நாளும் கவனிப்பைக் கேட்கும். வாங்காமல் விட்ட சாமான் எதையும் கேட்காது.

கேட்பது சொந்தக்காரர்கள்தான். கனடாவிலிருந்து வீடியோ கோலில் பெரியம்மா: "உங்களுக்கு என்ன குறை பிள்ளை, ஏன் இப்படிப் பஞ்சத்தில் இருக்கிற மாதிரி?" கல்யாண வீட்டுக்கு அதே சேலையைக் கட்டிக்கொண்டு போனால் வருகிற பார்வை வேறு. இங்கேதான் பலர் உடைகிறார்கள், பூச்சியிடம் இல்லை. நான் விவாதத்தை நிறுத்திவிட்டேன். "எனக்கு இது வசதியாக இருக்கு பெரியம்மா" என்பதோடு சரி. கொள்கை பேசினால் சண்டை வரும், வசதி என்று சொன்னால் யாரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. நாம் தெரிவு செய்து குறைத்துக்கொள்கிறோம். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயத்து அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களிடமோ, கொழும்பிலேயே நாள் கூலிக்குப் போகிறவர்களிடமோ போய் எளிமையின் மகிமையைப் பேசாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலி. நம்முடைய மினிமலிசம் படங்களைப் பார்த்து அவர்கள் சிரித்தால் அது சரியான சிரிப்புத்தான்.

கடைசியில், நான் பார்த்தவரை விடாமல் செய்கிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு ஆள் இருக்கிறார். எனக்கு அது கீழ் மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி. அவர் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சுவார், வல்லாரை என்னிடமிருந்து போகும். அவர் ஊரிலிருந்து வருகிற கொறக்காய் எனக்கு வரும். இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் படியில் கண்டு கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி வேலை நடக்கிறது.

ரம்பை அடியில் நிறையக் குட்டி விட்டிருக்கிறது, பிரித்து வைத்திருக்கிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பை நீங்களே கொண்டு வாருங்கள். எங்கள் பிளாட்டில் லிப்ட் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.