ரெண்டு பாட்டில் தண்ணீர் வைக்க இடமில்லாமல் ஏன் ஃபிரேம் செய்கிறார்கள்?

மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்ட எனக்கு என்ன வேண்டும்? ரெண்டு பாட்டில் தண்ணீர், ஒரு ஸ்பேர் டியூப், டயரை நெம்பிக் கழற்ற ரெண்டு டயர் லீவர், பல கருவிகள் ஒன்றாக மடங்கிய ஒரு மல்டி டூல், கைக்கு அடக்கமாக ஒரு பம்ப். அவ்வளவுதான். இந்த நாலைந்து சாமானை எங்கே வைப்பது என்று வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தும் எரிச்சல்தான் மிச்சம்.

தண்ணீர்ப் பையும் உறிஞ்சிக் குடிக்கக் குழாயும் உள்ள முதுகுப்பையில் போடு என்பார்கள். ரெண்டு லிட்டர் தண்ணீர் என்றால் ரெண்டு கிலோ, அதோடு டூல்ஸும் சேர்ந்து குனிந்து ஓட்டுகிற முதுகில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. குழாயை வாயில் வைத்து ஓட்டிக்கொண்டே குடிக்கலாம், அந்த வசதியை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. ஒழுங்காகக் காயவைக்காவிட்டால் குழாய்க்குள் பூஞ்சை பிடிக்கும்.

சரி, சீட்டுக்கு அடியில் சின்னப் பை. அதைத்தான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் பின்சக்கரம் பஞ்சர். ஸ்பேர் டியூபை எடுத்து மாட்டி, கை வலிக்க வலிக்கக் காற்றடித்தால் நிற்கவே இல்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. பல மாதமாக அதே பைக்குள் மல்டி டூலோடு உரசி உரசியே போயிருக்கிறது, ஒரு தடவைகூட உபயோகிக்காத புது டியூப்! சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து டியூபை ஒரு பழைய சாக்ஸுக்குள் சுருட்டித்தான் வைக்கிறேன், நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

ஆனால் என் உண்மையான கோபம் ஃபிரேம் செய்கிறவர்கள் மேல்தான். நான் உயரம் குறைவு, அதனால் என் ஃபிரேமும் சின்னது. ரெண்டு பாட்டில் கேஜ் (பாட்டிலைச் செருகி வைக்கிற கூடு) மாட்டி நடுவில் ஒரு பையும் தொங்கவிடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் எல்லாம் பெரிய ஃபிரேம் வைத்திருப்பவர்கள். என்னுடையதில் ரெண்டாவது பாட்டிலை உருவினாலே மேல் குழாயில் இடிக்கிறது. பக்கவாட்டில் உருவுகிற கேஜை வாங்கி மாட்டியும் 500 மில்லி பாட்டில்தான் நுழைகிறது, முன்னால் 750. பை மாட்டினால் பாட்டில் கிடையாது. டூல்ஸை டப்பாவில் போட்டு கேஜில் செருகினால் அதிலும் ஒரு பாட்டில் போச்சு. சீட்டுக்குப் பின்னால் கேஜ் வைத்துப் பார்த்தேன், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பாட்டில் எகிறி நடுரோட்டில் விழுந்து உருண்டது, பின்னால் வந்த வண்டிக்காரர் எப்படியோ ஒடித்துத் தப்பித்தார். அதை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

கேஜ் மாட்டுவதற்கு 64 மில்லிமீட்டர் இடைவெளியில் ரெண்டு திருகுத் துளை, ஐந்து மில்லிமீட்டர் போல்ட், வேறெதுவும் தேவையில்லை. தொலைதூரம் போகிற டூரிங் சைக்கிள்களில் கீழ்க் குழாயின் அடிப்பக்கம் இந்தத் துளைகளில் மூன்றாவது ஜோடி இருக்கும். பாட்டில் வாயில் சேறு அடிக்கும்தான், அங்கே டூல் டப்பாவை வைத்துக்கொள்கிறோம், தண்ணீருக்கு மேலே இடம் கிடைக்குமே! இடம் இருக்கிற பெரிய ஃபிரேமை விட, இடமே இல்லாத சின்ன ஃபிரேமுக்குத்தானே அது முதலில் வேண்டும்? கிராம் கணக்கில் எடையைக் குறைத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், அதே சைக்கிளை ஓட்டுகிறவன் முதுகில் மூன்று கிலோ ஏறுவதை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை?

இப்போதும் பம்புக்கு இடம் கிடைக்கவில்லை. ஜெர்சியின் பின்பாக்கெட்டில்தான் இருக்கிறது, ஒவ்வொரு மேட்டிலும் இடுப்பில் குத்துகிறது.