ஸ்கூபி டூவின் முதல் கதை உண்மையிலேயே சுமார்தானா?

ஃபிரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி என்ற நான்கு இளைஞர்களும் ஸ்கூபி என்ற நாயும் பேய் மர்மங்களைத் துப்பறியும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ஸ்கூபி டூ. அதைப் பற்றிப் பேச்சு வந்தால், அதன் முதல் கதையைப் பலரும் ஓரமாகத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். குற்றவாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, பேய் மிரட்டாமல் சும்மா நடமாடுகிறது, துரத்தும் காட்சியில் ஒரு பாட்டுகூட இல்லை, எல்லாம் மெதுவாக நகர்கிறது என்பவை வழக்கமாகக் கேட்கும் குறைகள். இவற்றில் சிலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனாலும், துப்பறியும் கதை என்ற அளவில் பார்த்தால், இதற்குப் பின்னால் வந்த பல கதைகளைவிட இது நேர்மையாகக் கட்டப்பட்டது என்பதே என் கருத்து.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு இந்தத் தொடர் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகத்தான் அறிமுகம். எந்தக் கதை முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசையெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? பின்னாளில் வந்த கதைகளைப் பார்த்துப் பழகிய பிறகே, 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இந்த முதல் கதைக்குப் பெரும்பாலோர் வந்து சேர்கிறோம். துரத்தலோடு பாட்டு சேர்ந்தது 1970இல் வந்த இரண்டாம் பருவத்தில்தான். அது முதல் பருவத்தின் முதல் கதையில் இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது, பேரனின் சாயல் தாத்தாவிடம் இல்லையே என்று வருந்துவதைப் போன்றது.

கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முழுநிலா இரவில், ஆளரவமற்ற சாலையில் ஒரு சிறிய சரக்கு வண்டி வருகிறது. பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு இரும்புக் கவசம் மெல்ல எழுந்து உட்காருகிறது. அதன் கண்கள் ஒளிர்கின்றன. சிறிது நேரம் கழித்து, படம் பார்த்துவிட்டு நடந்து வரும் ஷாகியும் ஸ்கூபியும் அந்த வண்டி அநாதையாக நிற்பதைக் காண்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆளுக்குப் பதிலாக அந்தக் கவசம் அமர்ந்திருக்கிறது. வண்டியை ஓட்டி வந்த இங்கிலாந்துத் தொல்லியல் பேராசிரியர் ஹைட் ஒயிட்டைக் காணவில்லை. கவசம் போய்ச் சேரவேண்டிய அருங்காட்சியகத்தில் அதன் காப்பாளர் விக்கிள்ஸ், முழுநிலா நாளில் கறுப்பு வீரன் உயிர்பெற்று எழுவான் என்ற பழங்கதையை இளைஞர்களிடம் சொல்கிறார்.

இந்தக் காட்சியைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். பேய்க்கதையை யார் சொல்கிறார், அதை நம்பிவிட்டால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்கான விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. கவசத்தைப் பற்றிய அந்த அச்சம் ஊர்வாயிலிருந்து வரவில்லை, விக்கிள்ஸின் வாயிலிருந்துதான் வருகிறது. பிறகு வரும் துப்புகளும் அப்படித்தான்: ஸ்கூபி கண்டெடுத்த விசித்திரமான மூக்குக்கண்ணாடி காணாமல்போன பேராசிரியரின் பக்கம் கைகாட்டுகிறது; சுவரிலிருந்து மறைந்து மறுபடி தோன்றும் ஓவியமும், சிந்திக் கிடக்கும் வண்ணமும் போலி ஓவியத்தை நோக்கி இழுத்துச் செல்கின்றன. அசல் ஓவியங்களை விற்றுவிட்டு அவற்றின் இடத்தில் தானே வரைந்த போலிகளை மாட்டும் ஒருவனுக்கு, பார்த்தவுடன் போலியை இனங்கண்டுவிடக்கூடிய நிபுணர் ஊருக்கு வருவதுதான் பெரிய ஆபத்து. கறுப்பு வீரனாக வேடமிட்ட விக்கிள்ஸ் பேராசிரியரைக் கடத்தியதற்கு வேறு காரணமே தேவையில்லை. பின்னாளில் வந்த எத்தனையோ கதைகளில், முகமூடியைக் கழற்றிய பிறகுதான் அந்த ஆள் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்பதையே நமக்குச் சொல்வார்கள். இங்கே அப்படி எதையும் ஒளித்துவைக்கவில்லை. சந்தேகப்பட அநேகமாக வேறு ஆளே இல்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் அது ஆள் பஞ்சமே தவிர, துப்புப் பஞ்சம் அல்ல.

பேய் மிரட்டவில்லை என்பவர்கள் அந்தக் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1968 வாக்கில் அமெரிக்காவில் சனிக்கிழமை காலை ஒளிபரப்பான சாகசக் கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று பெற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தச் சூழலில்தான் சி.பி.எஸ்.ஸின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஃபிரெட் சில்வர்மேன், ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் தயாரிப்பு நிறுவனத்திடம் வேறு மாதிரியான தொடர் ஒன்றைக் கேட்டார். ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் அதற்குக் கதை அமைத்தார்கள். முதலில் உருவான வடிவம் குழந்தைகளுக்கு மிகவும் அச்சமூட்டுவதாக இருக்கிறது என்று மேலிடம் திருப்பி அனுப்பியதால், நாயை நடுவில் நிறுத்தி, நகைச்சுவையைக் கூட்டி மாற்றி எழுதினார்கள். ஆக, கறுப்பு வீரன் யாரையும் வெட்டாமல், குத்தாமல் வெறுமனே துரத்துவது திறமைக் குறைவால் அல்ல. அது தெரிந்தே போட்டுக்கொண்ட எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டே, இருண்ட காட்சியகங்களையும் நீண்ட நிழல்களையும் வைத்து ஓர் அச்சச் சூழலை உண்டாக்கிய பின்னணி ஓவியர்களைத்தான் நான் பாராட்டுவேன். நடுநடுவே ஒலிக்கும் பதிவுசெய்த சிரிப்பொலி அந்தச் சூழலைக் கெடுக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

ஸ்கூபியின் உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனை வரைந்த இவாவோ தகமோட்டோ, ஸ்கூபியின் இனமான, உருவில் பெரிய கிரேட் டேன் நாய்களை வளர்த்த சக ஊழியர் ஒருவரிடம் நல்ல இனத்து நாய்க்குரிய லட்சணங்களைக் கேட்டறிந்து, அவற்றுக்கு நேர்மாறாக வரைந்தார்: கூன் முதுகு, வளைந்த கால்கள், உள்வாங்கிய தாடை. பயந்து நடுங்கும் ஒரு பெரிய உடம்பு என்ற நகைச்சுவை, முதல் கதையிலேயே முழுமையாக அமைந்திருப்பதற்கு இந்த உருவமும் ஒரு காரணம்.

குறையே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. டாஃப்னிக்கு இந்தக் கதையில் உருப்படியாகச் செய்ய எதுவுமே இல்லை. துப்பை வெல்மா பிடித்துக்கொள்கிறாள், திட்டத்தை ஃபிரெட் எடுத்துக்கொள்கிறான், சிரிப்பை மற்ற இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அருங்காட்சியகத்தின் பழைய விமானத்தில் ஸ்கூபி ஏறிப் பறக்கும் இடத்தில் கதை தன் நிதானத்தை மறந்துவிடுகிறது. குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும் காட்சிதான். ஆனால் அதுவரை பொறுமையாகச் சேர்த்த துப்புகளுக்கும் அந்தக் களேபரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு பருவங்களிலும் சேர்த்து மொத்தம் 25 கதைகள். அவற்றில் குற்றத்துக்கான காரணமும் துப்பும் இதைவிடக் கச்சிதமாகப் பொருந்தும் கதை எது என்று யாராவது சொன்னால், எடுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசத் தயாராக இருக்கிறேன். பேய் எவ்வளவு பயங்கரமாக இருந்தது என்ற அளவுகோலோடு மட்டும் வராதீர்கள்.