பின்கதை எட்டுப் பக்கம், ஹெச்பி பன்னிரண்டு

ஆளுக்கொரு கேரக்டராக டைப் செய்து விளையாடும் ரோல்பிளே குழு ஒன்றுக்கு நாலைந்து வருஷமாக ஜிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்தும் ஆளாக, இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் கேரக்டருக்கு எட்டுப் பக்கம் பின்கதை எழுதி அனுப்பினார். ஒரு பாலத்தில் தனியாளாக நின்று நாற்பது பேரை வெட்டிச் சாய்த்த வாள்வீரன். நடை பிரமாதம், சும்மா சொல்லக்கூடாது. மயங்கிப்போய் அப்படியே ஓகே சொல்லிவிட்டேன்.

கேரக்டரின் எண்களைக் குறித்துவைக்கும் ஷீட்டில் இருந்ததோ லெவல் ஒன்று ஃபைட்டர், ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 12. முதல் சண்டையில் எதிரே ஒரே ஒரு கோப்ளின். அதற்கு ஹெச்பி 7, ஏசி 15; அதாவது போனஸோடு சேர்த்துப் பதினைந்தாவது வந்தால்தான் அடி படும். தம்பி இருபது முகப் பகடையை உருட்டினார்: 3. போனஸ் 5 சேர்த்தும் எட்டுதான். அடுத்தது 6. மூன்றாவது சுற்று முடிவதற்குள் நாற்பது பேரை வெட்டியவர் தரையில் கிடந்தார். சாட்டில் ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, அந்தப் பாலம் எவ்வளவு அகலம்?"

தம்பி இரண்டு நாள் ஆன்லைன் பக்கமே வரவில்லை.

தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பின்கதையில் இழப்பு, கடன், பகை, பிரிந்துபோன ஆட்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். வெற்றி எழுதினால் அது ஷீட்டிலும் தெரிய வேண்டும். கற்பனையின் கழுத்தை நெரிக்கிறேன் என்று சிலருக்குக் கோபம். ஆனால் ஆறு மாதம் விளையாடி லெவல் ஐந்துக்கு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "நான் அரசனின் முன்னாள் மெய்க்காப்பாளன், கோட்டைக் கதவைத் திற" என்று ஒரு வரி எழுதியவருக்கு அது திறந்துகொண்டால், இவர் உருட்டின பகடைக்கெல்லாம் என்ன மரியாதை? பகடையே இல்லாத ஃப்ரீஃபார்ம் குழுக்களில் இது இன்னும் மோசம். அங்கே பின்கதைதான் ஆயுதம். யார் பெரிதாக எழுதுகிறாரோ அவர் ஜெயித்தார். காட்மோட் (தன் கேரக்டரை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதுவது) சண்டை வராத ஃப்ரீஃபார்ம் குழுவை நான் பார்த்ததில்லை.

எண்களையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களும் உண்டு. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் 2014 பதிப்பில் பேக்கிரவுண்ட், அதாவது கேரக்டர் முன்பு என்னவாக இருந்தார் என்பது, இரண்டு திறமையும் சில்லறைச் சலுகைகளும் தந்தது. 2024 திருத்தத்தில் ஆற்றல் எண்களை ஏற்றும் வேலையும் ஒரு ஃபீட்டும் (சிறப்புத் திறன்) அதற்குள் வந்துவிட்டன. விளைவு? கூடுதல் ஹெச்பி தரும் டஃப் ஃபீட்டுக்காக என் குழுவில் திடீரென்று மூன்று பேர் விவசாயக் குடும்பம். என்ன பயிர் என்று கேட்டேன். மூன்று பேருக்கும் தெரியவில்லை.

கர்ப்ஸ் என்ற இன்னொரு ரோல்பிளே ஆட்டம் விளையாடிய காலத்தில் ஒருவர் 'எதிரி' என்ற குறையை எடுத்து, அதற்கு ஈடாகக் கிடைத்த புள்ளிகளை வாள் திறமையில் போட்டுக்கொண்டார். நாலாவது வாரம் எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "என்னை மட்டும் டார்கெட் பண்றீங்க" என்கிறார். புள்ளியை வாங்கினபோது சந்தோஷமாகத்தானே வாங்கினீர்கள்!

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தது 1977-இல் வந்த டிராவலர் என்ற ரோல்பிளே ஆட்டம். அதில் பின்கதையையே பகடைதான் எழுதும். நாலு நாலு வருஷமாகப் பணியில் சேர்ந்து, பதவி உயர்வுக்கு உருட்டி, பிழைப்பதற்கும் உருட்ட வேண்டும். பிழைக்கும் உருட்டல் தவறினால் ஆட்டம் தொடங்கும் முன்பே கேரக்டர் செத்துப்போகும். கொடுமைதான். ஆனால் தப்பி வந்தவரின் ஒவ்வொரு திறமைக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும், கதைக்குப் பின்னால் எண் இருக்கும்.

அந்தத் தம்பி திரும்பி வந்தார். எட்டுப் பக்கத்தையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தோம்: பாலத்துக்குப் பிறகு அவன் வலக்கை நடுங்குகிறது.

அடுத்த சண்டையில் மறுபடியும் 4 விழுந்தது. வாள் கைநழுவியதாக எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. பாலத்தின் அகலம் கேட்ட அதே ஆள், இந்த முறை தன் கேரக்டரின் குரலில் கேட்டார்: "கை எப்போதிலிருந்து இப்படி?"

பதில் டைப் ஆகிக்கொண்டிருப்பதைப் பத்து நிமிஷம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.