மிக்காபர் யார்?

கதாபாத்திரத்துக்குள் எழுத்தாளரின் வாழ்க்கையைத் தேடுவதே வீண் வேலை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையாளர் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1824இல் ரொட்டிக்கடை பாக்கி 40 பவுண்டு சொச்சத்துக்காக அவருடைய அப்பா லண்டனில் கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். 12 வயதுப் பையனான டிக்கன்ஸ் பூட் பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் அந்தப் பையன் டேவிட்டாகி ஒயின் புட்டி கழுவுகிறான். அப்பாவோ, டேவிட்டுக்குத் தங்க இடம் கொடுக்கும் கடனில் மூழ்கிய மிக்காபர் ஆகிவிடுகிறார்! பெற்ற அப்பாவாக வைத்திருந்தால் அவரைப் பார்த்து இவ்வளவு சிரித்திருக்க முடியுமா?

இந்தப் பழைய கதை, 1870இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. அதுவரை வாசகர்கள் ஒன்றும் தெரியாமலேயே மிக்காபரை ரசித்தார்கள். இந்த இடத்தில் கட்டுரையாளர் சொல்வது சரி.

அப்புறம் அதே நாவலில் வரும் மிஸ் மௌச்சர்? குள்ளமான பெண், முதலில் கொஞ்சம் ஒரு மாதிரியாக வருவாள். அது தன்னைத்தான் குறிக்கிறது என்று டிக்கன்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பெண் ஒருவர் மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுத, தொடராக வந்துகொண்டிருந்த நாவல் பாதியில் இருக்கும்போதே மௌச்சரை நல்லவளாக்கிவிட்டார் டிக்கன்ஸ். அந்தப் பெண்ணிடம் போய் இது வீண் வேலை என்று சொல்ல முடியுமா?