வீட்டை இடிக்காமல் கழற்றினோம்

சென்ற கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை பெக்கோ இயந்திரம் அரை நாளில் தரைமட்டமாக்கியது. ஓடு, கதவு நிலை, செங்கல், பனஞ்சலாகை எல்லாம் ஒன்றாகக் கலந்து உழவு இயந்திரத்தில் ஏறி, யாரோ ஒருவருடைய பள்ளக் காணியை நிரப்பப் போய்விட்டன. மறுநாள் அந்த வீட்டுக்காரர் என் படலையடியில் நின்று மணல் விலையையும் மரத்தின் விலையையும் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவரிடம் நேரே சொல்ல மனம் வராததை இங்கே எழுதுகிறேன். இதை அவரும் வாசிப்பார் என்று தெரியும். கோபிக்கமாட்டார் என்றும் நம்புகிறேன்.

திருகோணமலை மனையாவெளியில் நாங்கள் இருக்கும் வீடு அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. அவரிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தது. 2022 மாசியில், மாரி விட்ட கையோடு, கூரையைப் பிரித்து மேய்ந்து, பின்சுவரை எடுத்து, குசினியைக் கிணற்றுப் பக்கமாக நீட்டிக் கட்டுவதென்று தீர்மானித்தோம். ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை வரைக்கும் இங்கே கூரையில் கைவைக்க முடியாது என்பதால், ஆவணிக்குள் ஓடு ஏறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எங்களுடைய கெடு. அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதை இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் 7ஆம் திகதி ரூபாய் மிதக்கவிடப்பட்டது. இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாயைக் கடந்தது. நான் தையில் 1,375 ரூபாய்க்கு வாங்கிய சீமெந்து மூடை, ஆடி பிறப்பதற்குள் மூவாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கும் அது எல்லா நாளும் கிடைக்கவில்லை.

சீமெந்து ஆலை இருக்கும் ஊரில் சீமெந்துத் தட்டுப்பாடா என்று கொழும்பில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் சிரித்தான். சீனக்குடாப் பக்கத்து ஆலையில் அரைபடும் கிளிங்கர் (சீமெந்துக்கான சுட்ட கட்டி) கப்பலில் வருகிறது. கப்பலுக்கு டொலர் கொடுக்க வேண்டும். ஆகவே ஆலைக்கு எட்டு மைலில் இருந்தாலும் எண்பது மைலில் இருந்தாலும் ஒன்றுதான். நம்முடைய சுண்ணாம்புக் கல்லை நம்பி 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை ஆலையோ 1990இல், போருக்குள், நின்றே போனது.

அந்தப் பதற்றத்தில் நான் செய்த முதற்பிழை பதுக்கல். வேறு பெயர் சொல்லி அதை மறைக்க விரும்பவில்லை. இன்னும் விலை ஏறும் என்ற கதையைக் கேட்டு, தேவைக்கு மூன்று மாதம் முன்னதாகவே நாற்பது மூடையை வாங்கி, கடற்பக்கத்து அறையில் நிலத்திலேயே, சுவரோடு சுவராக அடுக்கிவைத்தேன். அதை விற்ற கடையில், கம்பியும் எடுத்தால்தான் சீமெந்து தரலாம் என்றார்கள். எனக்குத் தேவைப்படாத 10 மில்லிமீற்றர் கம்பியையும் காசு கொடுத்து ஏற்றினேன். வைகாசியில் மூடைகளைத் திறந்தபோது அடியடுக்கில் பதினொரு மூடை கல்லாகியிருந்தது. நல்ல சீமெந்துக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்கும், விரல்களுக்கிடையில் மாவாக நழுவும். என் கையில் அகப்பட்டதோ விளாங்காய் அளவு உருண்டைகள். பலகை பரப்பி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கி, மேலே பொலித்தீன் மூடியிருந்தால் இவ்வளவு பழுதாகியிராது. ஆனால் கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில், அப்படி வைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் சீமெந்தின் பலத்தை நம்பக் கூடாது. உதிர்ந்ததை அரித்தெடுத்துக் கிணற்றடித் தளத்துக்குக் கீழே போட்டோம். பாரம் தாங்கும் எந்த வேலைக்கும் அதைத் தொடவில்லை. அந்தப் பதினொரு மூடை யாரோ ஒருவருடைய மலசலகூடத்துக்குப் போதுமாக இருந்திருக்கும் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

எங்களைக் காப்பாற்றியவர் கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் நானா. பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டு, பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வந்து, பஸ் இல்லாத நாட்களில் எங்கள் விறாந்தையிலேயே படுத்துக்கொண்டவர். கூரையை இறக்க ஆள் பிடிக்கும் பேச்சு வந்தபோது, அவர் கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடிக்கிறது ஒரு நாள் வேலை டீச்சர். கழட்டினா பத்து நாள் போகும், ஆனா சாமான் மிஞ்சும். இப்ப எது விலை கூட எண்டு நீங்களே பாருங்க" என்றார். ஒரு கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கழற்ற உண்மையில் பதினொரு நாள் ஆனது. முகட்டிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக, ஏணியில் நிற்பவர் கொடுக்கக் கீழே நிற்பவர் வாங்கினார். ஓடு எறிவது தடைசெய்யப்பட்டது. பாசியைத் தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு கிண்ணென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புள்ள ஓடு மந்தமான சத்தத்தாலேயே அதைச் சொல்லிவிடும். மூன்றாம் நாள் முதல் என் இளைய மகள்தான் தலைமைப் பரிசோதகர். அவளுடைய காது நானாவின் காதைவிடக் கூர்மையாக இருந்தது. 3,150 ஓட்டில் 2,570 தேறியது. நாங்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்லிவந்த பலவற்றின் முதுகில் ஆங்கில எழுத்தில் மங்களூர் என்று பொறித்திருந்தது வேறு கதை. குறைந்த ஓடுகளுக்கு இன்னொரு பழைய வீட்டிலிருந்து வாங்கினோம். அவற்றின் அச்சு வேறு என்பதால் கொக்கி சரியாகப் பொருந்தாது. ஆகவே இரண்டையும் கலக்காமல், வாங்கியவற்றைத் தனியாகக் குசினிப் பத்திக்கு மட்டும் போட்டோம்.

செங்கல்லில் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அம்மம்மாவின் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. மேசன் கரண்டியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினாலே சாந்து பொடியாக உதிர்ந்து, கல் முழுசாக வெளியே வந்தது. எண்பதுகளில் அப்பா சீமெந்தில் கட்டிய குளியலறைச் சுவரிலோ கல் உடைந்ததே தவிர, சாந்து விடவில்லை. பலமான சாந்து என்று நாம் புகழ்வது, பிரிக்கும் நாளில் கல்லையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. பழைய சுவரின் கல்லே புதிய பின்சுவரில் பாதிக்கு வந்தது. அதனால் சீமெந்தைத் தூண், வளைக்கட்டு, பூச்சு ஆகியவற்றுக்கென்று ஒதுக்கிவைக்க முடிந்தது.

மணலுக்கு மட்டும் குறுக்குவழி இருக்கவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, டீசல் இல்லாததால் ஒரு கியூப் ஆற்று மணலுக்கு ஐந்து கிழமை காத்திருந்தோம். கடற்கரை மணலை இரவில் அள்ளித் தருவதாக ஒருவர் வந்தார். வேண்டாமென்று அனுப்பினேன். சட்டத்துக்குப் பயந்தது பாதி, மீதிக் காரணம் கண்ணெதிரே இருந்தது: அப்படிக் கட்டிய ஒரு மதில் எங்கள் ஒழுங்கை முனையில், ஒவ்வொரு மாரிக்கும் உப்புப் பூத்து, பூச்சு வெடித்து, உள்ளே கம்பி துருவேறி நிற்கிறது. காத்திருந்த ஐந்து கிழமையில் மணல் தேவைப்படாத வேலைகளை முன்னே இழுத்தோம்: மரங்களுக்கு எண்ணெய் பூசுவது, வயர் குழாய் ஓட்டுவது, நிலைகளைச் செப்பனிடுவது. வேலையின் ஒழுங்கைக் கையிலிருக்கும் சாமான் தீர்மானிக்கட்டும் என்று விட்டபிறகுதான் மேசனுக்குச் சும்மா கூலி கொடுத்த நாட்கள் குறைந்தன.

தரைக்கு மாபிள் பதிக்கும் ஆசையையும் கைவிட்டோம். (எந்தத் தரை ஓடானாலும் மாபிள் என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம்.) 2020இல் வந்த இறக்குமதித் தடைக்குப் பின் கடையில் இருந்ததெல்லாம், யானை விலையில், ஒரு அறைக்குப் போதாத நான்கு நிறங்கள். பழைய சிவப்புச் சீமெந்துத் தரையைக் கழுவி மெழுகினோம். உறவினர் சிலர், "பழசைப் போட்டுத்தான் கட்டியிருக்கிறாய்" என்று முகத்தைச் சுழித்தார்கள். நம்மவர்களிடம் இந்தக் கூச்சம்தான் பெக்கோவை வாசலுக்கு அழைக்கிறது என்பது என் எண்ணம்; அதே உறவினர்கள் கோயிலின் பழைய கற்றூணைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று சொல்லமாட்டேன். கறையான் ஏறிய சலாகையையும் பழைய வயரையும் ஒரு சதத்துக்கும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கூலிக் கணக்கும் நேர்மையாகப் பார்க்கப்பட வேண்டும்: ஓடு மலிந்து, கூலி ஏறிய ஒரு காலத்தில் இதே பதினொரு நாள் எனக்கு நட்டமாக முடிந்திருக்கும். ஆயினும் பெக்கோவை அழைப்பதற்கு முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அனுபவமுள்ள மேசனோடு வீட்டைச் சுற்றி நடந்து, எது கழரும், எது கழராது என்று கொப்பியில் எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

கூரை ஆவணி 28இல் முடிந்தது. முகட்டு ஓடு மட்டும் பதினான்கு குறைந்ததால், அந்த இடத்தை அன்று தகரத்தால் மூடினோம்; இன்னமும் தகரம்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் யாராவது பழைய வீடு பிரிப்பதாக இருந்தால், தயவுசெய்து பெக்கோ வருவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். எனக்குத் தேவையான முகட்டு ஓடு பெரிய அச்சு, முதுகில் கோடு உள்ளது. ஏணியும் ஆளும் நானே கொண்டு வருவேன். தட்டிப் பார்க்க மகளும் வருவாள்.