தட்டுக்குப் பிறகு பாட ஆரம்பித்தால் தாளம் பிசகிவிட்டதா?

வெள்ளவத்தைப் பக்கம் சங்கீத வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வாரமாக ஒரு செய்தி சுற்றுகிறது: "முதல் தட்டிலேயே பாட்டு தொடங்க வேண்டும், தட்டுக்குப் பிறகு எடுப்பவருக்குத் தாள ஞானம் இல்லை."

தவறு. பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்குப் பெயரே எடுப்பு. தாளச் சுற்றின் முதல் கைத்தட்டோடு சேர்ந்து தொடங்கினால் சமம். தட்டு விழுந்த பிறகு தொடங்கினால் அனாகதம், தட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டால் அதீதம் (இந்த இரண்டையும் மாற்றிச் சொல்பவர்கள் நிறையப் பேர், பரவாயில்லை). தியாகராஜரின் 'பண்டுரீதி கொலு' கீர்த்தனை தேசாதி எடுப்பு, அதாவது தட்டுக்குப் பிறகு தள்ளித் தொடங்கும் வகை. இப்போது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டுப் பாடும்போது முதல் தட்டிலிருந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளித்தான் வாயே திறக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தியாகராஜருக்கே தாளம் தெரியாது என்றாகிவிடும்!

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. சரளி வரிசை, அலங்காரம், கீதம் என்று பிள்ளைகள் முதலில் படிப்பதெல்லாம் சமத்தில் தொடங்குபவை, வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதுதான் சட்டம் என்று பதிந்துவிடுகிறது.

அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் தனியே வாசிக்கும் பகுதி) முடியும் இடத்தைக் கவனியுங்கள். எடுப்பு தள்ளியிருக்கும் பாட்டென்றால், மிருதங்கக்காரர் பல நேரம் கோர்வையை, அதாவது முடிவுக்கென்று கணக்குப் போட்டு வாசிக்கும் சொற்கோவையை, சமத்தில் விடாமல் அந்த எடுப்பிலேயே கணக்காகக் கொண்டுவந்து இறக்குவார், பாடகர் அங்கேயே பல்லவியைப் பிடிப்பார். தாளம் தெரியாதவர்கள் செய்கிற வேலையா அது?